கச்சேரியைப் பார்க்கிறோம், சீரியலைக் கேட்கிறோம்

கேள்வி இதுதான்: "பத்து வருடமாக டிசம்பர் சீசனில் சபா சபாவாகச் சுற்றுகிறேன். முறையாகப் பாட்டு கற்றதில்லை. கேட்டதை எழுதிப் பார்க்க ஆசை. டிவியில் வரும் பாட்டுப் போட்டிகள், தொடர்கள் பற்றியும் எழுத நினைக்கிறேன். படிக்காதவர் விமர்சனம் செய்யலாமா? இரண்டுக்கும் ஒரே அளவுகோல் போதுமா? எழுதியதைப் படித்துக் கலைஞர்கள் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது?"

எழுதலாம். தாராளமாக எழுதலாம். நானும் பாட்டு படித்தவன் இல்லை. சின்ன வயதில் இரண்டு வருடம் வயலின் வகுப்புக்குப் போய், ஜண்டை வரிசையோடு நிறுத்திக்கொண்டவன். பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிற வேலை. பதினாறு வருடமாகக் கச்சேரி பற்றியும், ஏழெட்டு வருடமாக டிவி பற்றியும் எழுதுகிறேன். இதற்காக யாரும் எனக்குக் காசு கொடுத்ததில்லை. அதனால் நான் சொல்வதைப் பண்டிதர் வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் போய்க் குழியில் விழுந்தவன் உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழர்கள் மத்தியில் சங்கீத விமர்சனத்தைப் பரபரப்பாகப் படிக்க வைத்த இருவருமே சங்கீதத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் இல்லை. கல்கி 1930களில் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் எழுதினார். பாட்டுக்கும் கர்நாடகம், பழம்பஞ்சாங்கத்துக்கும் கர்நாடகம். பெயரிலேயே ஒரு குறும்பு. சுப்புடு டெல்லியில் மத்திய அரசு உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஸ்டேட்ஸ்மன் பத்திரிகைக்கு எழுதினார். ஆனால் ஒன்று. சுப்புடுவைப் படித்துவிட்டு எழுத வருகிறவர்கள் முதலில் எடுத்துக்கொள்வது அவருடைய நக்கலைத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அவர் ஹார்மோனியம் வாசிப்பவர், தன் காதை நம்பி அடிக்கக்கூடியவர் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. காது தயாராகும் முன்பே நாக்கு தயாராகிவிட்டால் வரும் விபத்துகளைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் படிக்காதவருக்கு என்ன கேட்கும் என்று பார்க்கலாம். நிறையவே கேட்கும். காலப்பிரமாணம் ஓடுகிறதா நிற்கிறதா என்பது கேட்கும். ஒரு கீர்த்தனை ஆரம்பித்த வேகத்துக்கும் முடிந்த வேகத்துக்கும் உள்ள தூரத்தைத் தொடையில் தட்டிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். வயலின்காரர் ஆலாபனையில் பாடகரைத் தொடர்கிறாரா, முந்திக்கொள்கிறாரா என்பது கேட்கும். குரல் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது அதற்கு முன்னால் எடுக்கும் மூச்சு மைக்கில் கேட்கும். அப்புறம், தமிழ்ப் பாட்டென்றால் உங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதே இல்லை. 'தாமரை மலரடி' என்று வருகிற இடத்தில் தாளத்துக்காக 'தா' என்று நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, 'மரை மலரடி' என்று பாடினால், பாடகர் அம்பாளிடம் நட்டும் மரையும் கேட்கிற மாதிரி ஆகிவிடுகிறது. நிரவலில் அதே வரியை இருபது தடவை பாடும்போது இருபது தடவையும் மரை கேட்பார். இதைச் சொல்ல வித்வத் வேண்டாம், தமிழ் தெரிந்தால் போதும். ஆனாலும் சொல்கிறவர்கள் குறைவு. ராகத்தைப் பற்றி எழுதினால்தான் விமர்சகர் என்று ஒரு நினைப்பு.

அந்த நினைப்பில்தான் எனக்கு முதல் அடி விழுந்தது. எழுதத் தொடங்கிய இரண்டாவது வருடம், ஒரு மாலைக் கச்சேரியில் பாடிய ராகத்தை நாயகி என்று எழுதி, 'நாயகியின் நளினம்' என்று ஒரு முழுப் பத்தி வேறு கட்டியிருந்தேன். ஒரு பெரியவர் எழுதியிருந்தார்: "ஐயா, அது தர்பார். நாயகி அன்றைக்கு வரவே இல்லை." அவ்வளவுதான் கடிதம். தர்பாரும் நாயகியும் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆரபி-தேவகாந்தாரி மாதிரி, பைரவி-மாஞ்சி மாதிரி. நன்றாகக் கேட்டுப் பழகியவர்களே ஒரு கணம் தயங்கும் இடம். தயங்கியிருக்கலாம், நான் தயங்கவில்லை. இப்போதெல்லாம் உறுதி இல்லாவிட்டால், "நாயகியோ தர்பாரோ, எனக்குப் பிடிபடவில்லை, ஆனால் கீழே இறங்கும்போது ஒரு ஸ்வரத்தில் கொஞ்சம் நின்று ஆட்டிவிட்டுப் போனது காதிலேயே இருக்கிறது" என்று எழுதிவிடுவேன். மானம் போய்விடவில்லை. அந்த இடத்தை விளக்கிச் சொல்ல நாலு பேர் வருகிறார்கள், அடுத்த தடவைக்குப் பாடம் கிடைக்கிறது.

இரண்டாவது விபத்து இதைவிட மோசம். ராகத்தைத் தவறாகச் சொன்னால் எனக்குத்தான் அவமானம். இதில் அடிபட்டது ஒரு சின்னப் பெண். மதிய நேரத்து இலவசக் கச்சேரி. மண்டபத்தில் முப்பது நாற்பது பேர். நான் ஓரமாக, சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். பாட ஆரம்பித்ததிலிருந்து சுருதி மேலே மேலே விலகுவது போலவே இருந்தது. போய் எழுதினேன்: நல்ல குரல், நல்ல பாடாந்தரம், ஆனால் சுருதியில் நிற்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவு கைக்கு வந்தது. கேட்டால், சுருதி கச்சிதம். மறுபடியும் கேட்டேன், கச்சிதம்தான். எனக்குக் குழப்பம். அடுத்த வாரம் அதே மண்டபத்துக்குச் சீக்கிரமே போய், கச்சேரி தொடங்கும் முன் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். தலைக்கு மேல் ஏசி. அது ஒரே ஸ்தாயியில் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்தது. அவள் சுருதிக்கு ஒரு மயிரிழை கீழே. இரண்டு மணி நேரம் நான் ஏசியைத் தம்பூராவாக வைத்துக்கொண்டு அவள் பாட்டை அளந்திருக்கிறேன்!

நான் எழுதியது தப்பு என்று திருத்தம் எழுதினேன். அவளுக்கும் தனியாக எழுதினேன். "பரவாயில்லை சார்" என்று பதில் வந்தது. பரவாயில்லை என்றால் என்ன அர்த்தம் என்று நமக்கெல்லாம் தெரியும்.

அன்றிலிருந்து நான் எந்தக் கச்சேரி பற்றி எழுதினாலும் எங்கே உட்கார்ந்து கேட்டேன் என்பதைச் சொல்லாமல் எழுதுவதில்லை. இதை ஒரு சம்பிரதாயமாகச் சொல்லவில்லை. நம் கச்சேரிகளில் ஒலி ஒவ்வொரு நாற்காலியிலும் வேறு. முதல் மூன்று வரிசையில் ஸ்பீக்கரின் சத்தம் பல இடங்களில் தலைக்கு மேலே போய்விடும். மேடையிலிருந்து நேராக வரும் மிருதங்கம்தான் அதிகம் கேட்கும். பால்கனிக்கு அடியில் உட்கார்ந்தால் எல்லாம் ஒரு போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். ஓரத்தில் உட்கார்ந்தால் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும். "மிருதங்கம் பாட்டை அமுக்கியது" என்று எழுதும் முன் அது வாசித்தவர் கையா, மைக் வைத்தவர் கையா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. மேடையில் இருப்பவருக்குக் கீழே எப்படிக் கேட்கிறது என்று தெரியவே தெரியாது. அவருக்குக் கேட்பது எதிரே வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கர். அதனால்தான் பாட்டுக்கு நடுவே கையைத் தூக்கித் தூக்கி ஒலி அமைப்பாளரைப் பார்க்கிறார்கள்.

ஒரே நாற்காலியை நம்பாமல் இருக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். கச்சேரியில் இடைவேளை கிடையாது. ஆனால் பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் என்று ஒன்று இருக்கிறதே! பாடகர் மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்ததும் பாதிக் கூட்டம் எழுந்துவிடும், கேன்டீனுக்கோ வீட்டுக்கோ. இது எனக்கு எப்போதும் வயிற்றெரிச்சல். இருந்தாலும் அந்த நேரத்தில் நல்ல நல்ல இடமாகக் காலியாகும். மூன்றாவது நிமிடத்தில் ஓரத்திலிருந்து நடுவுக்கு மாறுவேன். தனியை நடுவிலிருந்தும், அதற்குப் பின் வரும் துக்கடாக்களை, அதாவது சின்னப் பாட்டுகளை, கொஞ்சம் பின்னாலிருந்தும் கேட்பேன். ஒரே கச்சேரியில் மூன்று கச்சேரி கேட்ட மாதிரி இருக்கும், சில நாள் அபிப்பிராயமே மாறிவிடும்.

தனி பற்றி இன்னொன்று. விமர்சனங்களில் அதற்குக் கிடைப்பது ஒரே வரி: "தனி ஆவர்த்தனம் களை கட்டியது." பதினைந்து நிமிடம் இரண்டு பேர் உயிரைக் கொடுத்து வாசித்ததற்கு நாலு சொல். அந்த வரியை எழுதியவர் எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒரு காலத்தில் நானும் அங்கேதான், காபி வரிசையில்தான் நின்றேன். தாளக் கணக்கு புரியாவிட்டாலும் எழுதலாம். கடமும் மிருதங்கமும் மாறி மாறி வரும்போது பங்கு சுருங்கிக்கொண்டே போவது தெரியும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் இடது கை எழுப்பும் அந்தக் கும்காரம் எப்போது வந்தது, எவ்வளவு நேரம் காத்திருந்து வந்தது என்பது தெரியும். அரங்கில் எத்தனை பேர் சேர்ந்து தாளம் போட்டார்கள், தனியை முடித்துவைக்கும் கணக்கான கடைசிக் கோர்வையில் அவர்களில் எத்தனை பேர் கை தடுமாறியது என்பது கூடத் தெரியும்.

சொற்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் விட்டொழித்த சொற்கள் ஒரு மூட்டை இருக்கிறது: செவிக்கு விருந்து, இசை மழை, தேனாய்ப் பாய்ந்தது, பக்கபலமாய் அமைந்தது, இழைந்தார், குழைந்தார், சோபித்தார். இவை எந்தக் கச்சேரிக்கும் பொருந்தும். எந்தக் கச்சேரிக்கும் பொருந்துகிற வாக்கியம் அன்றைய கச்சேரியில் நீங்கள் இருந்தீர்கள் என்பதற்குச் சாட்சி ஆகாது. "கல்யாணி ராகம் அற்புதம்" என்பதற்குப் பதில், "பஞ்சமத்தில் உட்காராமலே நாலைந்து நிமிடம் சுற்றிச் சுற்றி வந்தார், உட்கார்ந்தபோது பின்வரிசையில் ஒருவர் சத்தமாகவே 'அப்பாடா' என்றார்" என்று எழுதினால், வராதவருக்கும் கொஞ்சம் கேட்கும். கல்யாணியில் ஸட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் ஒதுக்கிவிட்டுப் போகும் பிடிகள் உண்டு என்பது தெரிந்தவருக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கேட்கும். அவ்வளவுதான் நம்மால் முடியும். கச்சேரி முடிந்த நிமிடமே அது காற்றோடு போய்விட்டது. ஒலிப்பதிவு இருந்தாலும் அந்த 'அப்பாடா' அதில் இருக்காது.

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் காலத்தில் நிலைபெற்ற கச்சேரி முறை, வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடிகிற அந்த வரிசை, எழுதுகிறவருக்கு ஒரு சௌகரியம், ஒரு பொறி. சௌகரியம், அடுத்து என்ன வரும் என்று ஓரளவு தெரியும். பொறி, விமர்சனமும் அதே வரிசையில் பட்டியலாகிவிடும்: முதலில் இதைப் பாடினார், அடுத்து அதைப் பாடினார். பாட்டுப் பட்டியல் வேண்டுமென்றால் கடைசியில் ஒரு வரியில் போட்டுவிடுங்கள். விமர்சனத்தை அன்றைக்கு எந்த இடத்தில் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்களோ அங்கே ஆரம்பியுங்கள். ஓர் இடத்தில்கூட நிமிரவில்லை என்றால் எழுதாமலே இருக்கலாம், குற்றமில்லை. அதுவும் பாடியது இளைஞர் என்றால் கட்டாயம் இருக்கலாம். பெரிய வித்வான் சரியாகப் பாடாத நாளைப் பற்றி எழுத ஒரு நியாயம் இருக்கிறது. பதினெட்டு வயதுப் பையன் மதியம் ஒன்றரை மணிக்குப் பயந்துகொண்டே பாடியதைக் கிழிப்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

சரி, டிவிக்கு வருகிறேன்.

முதலில் எனக்கு இது சுலபம் என்று தோன்றியது. வீட்டிலேயே இருக்கலாம், ஏசி முனகாது, சந்தேகம் வந்தால் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. எங்கள் தலைமுறைக்கு வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' என்றால் தெரு காலியாகும். அப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியைப் பார்த்தார்கள், மறுநாள் ஊரே விமர்சகர்தான். 1993இல் தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்த பிறகு அது மெல்லக் கலைந்தது. ஆனாலும் டிவி விமர்சனத்தின் சிக்கல் மாறவில்லை: படிப்பவரும் அதைப் பார்த்திருப்பார். கச்சேரி விமர்சனத்தில் நீங்கள் இல்லாதவருக்குச் சொல்கிறீர்கள். டிவியில் கூடவே உட்கார்ந்திருந்தவருக்குச் சொல்கிறீர்கள். பார்த்த கதையையே திருப்பிச் சொன்னால் எழுந்து போய்விடுவார்.

பாட்டுப் போட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நான் அவற்றைக் கச்சேரி மாதிரியே நினைத்துக் கொஞ்ச காலம் எழுதினேன்: இந்தப் பையன் சுருதி சுத்தம், அந்தப் பெண் மேலே போகும்போது குரல் நடுங்குகிறது. பிறகு ஒரு நண்பர் தயவில் ஒரு படப்பிடிப்பைப் பார்க்கப் போனேன். எந்தச் சேனல் என்பது வேண்டாம். காலை பத்து மணிக்கு உட்கார்த்திவைத்தார்கள். மேடையில் யாரும் இல்லை, ஒரு தம்பி வந்து, "எல்லாரும் நல்லா கைதட்டுங்க... இப்ப ஆச்சரியமா பாருங்க... இப்ப கண்ணைத் துடைச்சுக்கோங்க" என்றார். செய்தோம். கேமரா அதையெல்லாம் எடுத்துக்கொண்டது. பாட்டு மதியத்துக்கு மேல்தான் வந்தது. மாதங்கழித்து ஒளிபரப்பானபோது பார்த்தேன்: காலையில் வெறும் மேடையைப் பார்த்து நான் காட்டிய ஆச்சரியம், ஒரு குழந்தையின் பாட்டுக்கு நடுவே மூன்று விநாடி வந்தது. நன்றாகத்தான் நடித்திருந்தேன். குழந்தையின் குரலும் நான் மண்டபத்தில் கேட்டதைவிட மெருகாக இருந்தது. ஒலிப்பதிவில் ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் பதிவாகி, பின்னால் கலந்து, தேவையானால் சுருதியும் நேராக்கப்பட்டுத்தான் வீட்டுக்கு வரும்.

அன்றிலிருந்து போட்டியில் யார் நன்றாகப் பாடினார் என்று எழுதுவதை விட்டுவிட்டேன். எனக்கு வந்து சேர்வது பாட்டில்லை, பாட்டைப் பற்றிய ஒரு தொகுப்பு. தொகுப்பை விமர்சிக்கலாம், அதில் நிறைய இருக்கிறது. நடுவர் கண் கலங்கும் காட்சியில் அவர் முன்னால் இருக்கும் தண்ணீர் பாட்டில் நிறைந்திருக்கிறதா, பாதியா என்று பாருங்கள். அடுத்த காட்சியில் அது கூடியிருந்தால் நேரம் பின்னால் ஓடியிருக்கிறது. குழந்தை எவ்வளவு நேரம் பாடியது, அதன் வீட்டுக் கஷ்டத்தை எவ்வளவு நேரம் காட்டினார்கள் என்று கடிகாரம் வைத்துப் பார்க்கலாம். ஒரு வாரம் நான் பார்த்தபோது பாட்டு மூன்றரை நிமிடம், கஷ்டம் ஒன்பது நிமிடம். இதை எழுதியபோது வந்த பதில்கள், நான் எழுதிய எந்தக் கல்யாணிக்கும் வந்ததில்லை.

தொடர்களைத்தான் நான் அதிகம் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். பழைய தூர்தர்ஷனில் வாரம் ஒன்றாகப் பதின்மூன்று வாரத்தில் ஒரு கதை முடிந்துவிடும். அதை ஒரு நாவல் மாதிரி விமர்சிக்கலாம். 2003இலிருந்து 2009 வரை ஓடிய 'கோலங்கள்' 1,500 பகுதிகளைத் தாண்டியது. அதை எந்த விமர்சகர் முழுதாகப் பார்த்துவிட்டு எழுதுவார்? அதனால் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: நாலு நாள் பார்த்துவிட்டு, நோட்டும் பேனாவுமாகச் சோபாவில் உட்கார்ந்து, ஒரே வசனத்தை மூன்று தடவை சொல்கிறார்கள், ஒரு முகத்தை மூன்று கோணத்தில் இடி சத்தத்தோடு காட்டுகிறார்கள், கதை நகரவே இல்லை என்று கிண்டலடித்தேன். விதிப்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். அரை மணித் தொடரில் அதைக் கழித்து, முன்கதையையும் டைட்டில் பாட்டையும் கழித்து, மிச்சத்தில் ஒருவர் மாடிப்படி இறங்குகிறார் என்று கணக்குப் போட்டு வேறு காட்டினேன். கணக்குப் பிரிவுக்காரன் புத்தி.

அம்மா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை தொடர் ஓடும்போது நான் சோபாவில் இருந்தேன். அவர் சமையலறையில், டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குக்கரோடும் மிக்ஸியோடும். முடிந்ததும், "அவ கடுதாசியை ஒளிச்சு வெச்சது அவனுக்குத் தெரிஞ்சுடுச்சு போல இருக்கே" என்றார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு அது பிடிபடவில்லை.

அடுத்த வாரம் முழுக்க நானும் சமையலறையில் நின்று கேட்டேன். கேட்டேன் என்பதைக் கவனியுங்கள். அப்போதுதான் புரிந்தது, வசனம் ஏன் மூன்று தடவை வருகிறது என்று: ஒரு தடவை மிக்ஸிக்கு, ஒரு தடவை குழாய்க்கு, ஒரு தடவை காதுக்கு. ஒவ்வொருவரும் பேசத் தொடங்கும்போது எதிராளியின் பெயரையோ உறவையோ சொல்லிக் கூப்பிடுவது ஏன் என்று: முதுகைக் காட்டி நிற்பவருக்கு யார் யாரிடம் பேசுகிறார் என்று தெரிய. வில்லிக்கென்று ஒரு வாத்தியம், மருமகளுக்கென்று ஒரு குழலிசை. ஒரு நடிகை மாறிவிட்டால் 'இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்தில் போட்டு நகர்ந்துவிட முடிவதற்கும் இதுதான் ஓரளவு காரணம். பல தொடர்களில் குரல் கொடுப்பவர் வேறொருவர், முகம் மாறினாலும் குரலை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பெயர் ஓடும் வேகத்தில் அந்தக் குரல் கலைஞரின் பெயரை நம்மால் படிக்கக்கூட முடியாது. தொடர் விமர்சனம் எழுதுகிறவர்கள் நடிப்பைப் பாராட்டும்போது பாதிப் பாராட்டு யாருக்குப் போக வேண்டும் என்று ஒரு தடவையாவது எழுதலாம்.

இதற்காகத் தொடர்கள் எல்லாம் நல்லவை என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலானவை சகிக்கவில்லை. ஒருவரை ஒருவர் விஷம் வைத்துக் கொல்லப் பார்க்கும் அந்த வீடுகளில் போலீஸ் எப்போது வரும் என்று நான் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் சகிக்கவில்லை என்று சொல்வதற்கு முன், யாருக்காக எப்படிச் செய்திருக்கிறார்களோ அந்த இடத்தில் நின்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். சோபாவில் நோட்டோடு உட்கார்ந்து சீரியல் பார்க்கிறவர் அந்த ஊரிலேயே நான் ஒருவன்தான். ஏசிக்குக் கீழே உட்கார்ந்து சுருதி பார்த்த அதே தப்பு.

கச்சேரியோ நேர்மாறு. கேட்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறோமே தவிர, பாதி பார்க்கிறோம். பாடகர் கை நீளும் திசை, வயலின்காரர் முகம் சுளிப்பது, பின்னால் தம்பூரா போடும் சிஷ்யை வாயசைப்பது, எல்லாம் சேர்ந்துதான் நம் அபிப்பிராயம். டிவியிலோ இணையத்திலோ கச்சேரி வரும்போது கேமராதான் நமக்காகப் பார்க்கிறது, பல சமயம் தப்பாகப் பார்க்கிறது. ஆலாபனையின் உச்சியில் ஜரிகையைக் காட்டும்; தனியின்போது, வாசிக்கிற கையை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருக்கும் பாடகரின் புன்னகையைக் காட்டும். 2020 டிசம்பரில் சீசனே இணையத்துக்குப் போனபோது நான் ஒரு சோதனை செய்தேன்: பாதிக் கச்சேரியைத் திரையை மூடிவைத்துக் கேட்டேன். சாதாரணம் என்று நினைத்திருந்த ஒருவர் பிரமாதமாக இருந்தார். பிரமாதம் என்று நினைத்திருந்த ஒருவரிடம் பாதி கைதான் பாடியிருக்கிறது.

அந்த வருடமே கற்ற இன்னொன்று, திருப்பிப் போட்டுக் கேட்கும் வசதியை முதல் தடவையில் தொடவே கூடாது. திருப்பிக் கேட்டால் தப்புதான் கண்ணில் படும். ஒரு ஸ்வரம் வழுக்கியதை ஏழு தடவை கேட்டுவிட்டு எழுதினால் அது கச்சேரி முழுக்க வழுக்கிய மாதிரி ஆகிவிடுகிறது; மண்டபத்தில் இருந்தவருக்கு அது அரை விநாடி. ஒரு தடவை முழுதாகக் கேளுங்கள், எழுதுங்கள், பிறகு பெயர், ராகம், நேரம் சரிபார்க்க மட்டும் திரும்பப் போங்கள்.

இனாம் பாஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எழுத ஆரம்பித்த மூன்றாவது மாதம் வரும். வாங்கிக்கொண்டால் அதை விமர்சனத்திலேயே சொல்லிவிடுங்கள். 'ரெண்டு வரி எழுதுங்களேன்' என்று பாடும் பிள்ளைகளின் அப்பாக்கள் கூப்பிடுவார்கள். கச்சேரிக்குப் போவதாகச் சொல்லுங்கள், எழுதுவதாகச் சொல்லாதீர்கள்.

கடைசிக் கேள்வி, கலைஞர்கள் கோபித்துக்கொண்டால். சிலர் கோபித்துக்கொள்வார்கள், சிலர் பேசாமல் இருப்பார்கள். பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். ஒரு மிருதங்க வித்வானைப் பற்றி, தனியின் கடைசிக் கோர்வை எடுப்புக்கு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்துக்கு, சரியாக வந்து சேரவில்லை என்று ஒரு தடவை எழுதினேன். பத்து நாள் கழித்து வேறொரு சபாவின் வாசலில் அவரே எதிரில் வந்தார். நழுவப் பார்த்தேன். "சார், ஒரு நிமிஷம். தாளம் போடுங்க" என்றார். கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு நான் ஆதி தாளம் போட, அவர் யாருடையதோ தெரியாத ஒரு காரின் பானெட்டில் அந்தக் கோர்வையை விரலால் தட்டிக்காட்டினார். பாட்டின் எடுப்பு, தாளம் தொடங்கும் சமத்திலிருந்து அரை இடம் தள்ளி. கோர்வை அங்கே அச்சாக வந்து உட்கார்ந்தது. அன்றைக்கு நான்தான் எங்கேயோ கையைத் தொலைத்திருக்கிறேன். "புரிஞ்சுதா?" என்றார். புரிந்தது என்றேன். "இல்ல, புரியல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது தடவைதான் எனக்குப் பிடிபட்டது. அதற்குள் கார்க்காரர் வந்து நின்று அவரும் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.